எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் நடுவில்

சுவிட்சை மேலே தள்ளினாலும் அந்த ஆம்ப்ளிஃபயர் உடனே விழித்துவிடாது. மூன்று நான்கு விநாடி சும்மா கிடக்கும். முகப்பில் மஞ்சள் விளக்கு எரியும், கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு முட்களும் இடது ஓரத்தில் படுத்திருக்கும், ஓசை மட்டும் வராது. பிறகு மரப்பெட்டிக்குள் எங்கோ 'டக்' என்று ஒரு சத்தம், உள்ளேயிருந்து யாரோ தாழ்ப்பாளை நீக்கியது போல. அதற்கப்புறம்தான் அது வேலைக்குத் தயார். நாற்பது வருடத்துக்கு மேலாக வேதமூர்த்தி அந்த 'டக்'குக்குக் காத்திருந்து பழகியவர். இன்று மதியம் இரண்டு மணிக்கு அது வந்தபோது சட்டென்று வாசலைத் திரும்பிப் பார்த்தார். பாட்டுக் கேட்கவா இதைப் போட்டேன், இல்லையே, பாட்டுக் கேட்கிற நேரமா இது, என்று யாரோ குற்றம் சாட்டியது போலத் தனக்குள் பதில் சொல்லிக்கொண்டார். வல்லியும் மகள் தேன்மொழியும் ஆஸ்பத்திரிக்குப் போய் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. இன்று ஸ்கேன் முடிவு சொல்லும் நாள். மே மாதம் மார்பில் ஆபரேஷன், அதன் பிறகு நான்கு தடவை மருந்து ஏற்றி, தலைமுடி மொத்தமும் கொட்டி, நகமெல்லாம் கறுத்து, இப்போது எடுத்த ஸ்கேன். காலையில் வல்லி வாசலில் நின்று செருப்பை மாட்டிக்கொண்டே, "நீங்க வர வேணாம், மொழி இருக்கா," என்றாள். அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. செருப்பைப் பார்த்துச் சொன்னாள். "ஃபோன் பண்றோம்," என்று மகள் சொன்னாள், அவளும் அவரைப் பார்க்கவில்லை. லிஃப்ட் திங்கட்கிழமையிலிருந்து ஓடவில்லை. இரண்டு மாடி இறங்கிப் போகும் காலடிச் சத்தத்தை, வல்லியின் இழுத்து இழுத்து வைக்கும் காலடியை, தெருக் கதவு சாத்தப்படும் வரை நின்று கேட்டுவிட்டுத்தான் உள்ளே வந்தார். கேட்கத்தான் கேட்கிறது. இரண்டு மாடிக்குக் கீழே செருப்புச் சத்தம் கேட்கிற காதுதான் இது. காதில் கோளாறு இல்லை. கோளாறு என்று ஒருவனும் சொல்ல முடியாது.

ஹெட்போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கறுப்புத் தோல் உரிந்து சட்டையில் பொடிப்பொடியாக ஒட்டும். அது அவர் ரிடையர் ஆனபோது வல்லி வாங்கச் சொன்னது. ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வரைபடம் போட்டு முப்பத்தாறு வருடம் கழித்து வீட்டுக்கு வந்த மனுஷன், காலையில் எட்டு மணிக்கே நாகஸ்வரத்தை இரண்டு பெரிய ஸ்பீக்கரில் அலறவிட்டால் யாருக்குத்தான் பொறுக்கும். கீழ்வீட்டுக்காரர் இரண்டு தடவை மேலே வந்து, ஃபேன் கொக்கி அதிர்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார். வல்லிக்கு ஒற்றைத் தலைவலி. "எனக்குப் பல்லுக்குள்ள போய் இடிக்குதுங்க. காதுல மாட்டிக்கிற மாதிரி ஒண்ணு இருக்குமே, அதை வாங்கிடுங்களேன்," என்றாள். ரிச்சி தெருவில் அன்வர் பாயிடம் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனார். பாய் மூடியைத் திறந்து, தூசியை ஊதி, உள்ளே பார்த்துக்கொண்டே சொன்னார்: "சார், இந்தக் காலத்து மிஷின் மாதிரி இல்ல இது. ஹெட்போனுக்குன்னு இதுல தனி சர்க்யூட்டே கிடையாது. ஸ்பீக்கருக்குப் போற கரன்ட்டைத்தான் நடுவுல ஒரு ரெசிஸ்டர் வெச்சுத் தடுத்து இந்த ஓட்டைக்கு அனுப்புறான். யானையைக் கட்டுற சங்கிலியில ஆட்டுக்குட்டியைக் கட்டுன கதைதான். வால்யூம் குமிழ்ல வெள்ளைக் கோடு இருக்குல்ல, அதைக் கடிகார முள்ளுன்னு வெச்சுக்கங்க. ஏழு மணியில சைலன்ட். எட்டு மணி போதும். ஒன்பதைத் தாண்டுனா காது கிழிஞ்சுடும்." சின்ன பின்னைப் பெரிய ஓட்டைக்குப் பொருத்த ஒரு பித்தளைக் குப்பியும் அவரே கொடுத்தார். வீட்டுக்கு வந்து ஸ்பீக்கர் சுவிட்சை அணைத்து, ஹெட்போனைச் சொருகி, அதே நாகஸ்வரத் தோடி ராக ரெக்கார்டை வைத்து, எட்டு மணிக்குக் கோட்டைத் திருப்பியபோது வேதமூர்த்தி நாற்காலியில் அப்படியே உறைந்துபோனார். நாகஸ்வரக்காரர் மூச்சு இழுப்பது கேட்டது. இருபத்தைந்து வயதிலிருந்து கேட்டு வந்த ரெக்கார்டு, ஸ்பீக்கரில் ஒரு நாளும் கேட்காத மூச்சு. ஆலாபனையில் பன்னிரண்டாவது நிமிஷம், மேல் ஸ்தாயிக்குப் போவதற்கு முன்னால், உதட்டை ஊதும் சீவாளியிலிருந்து எடுத்து, வயதான நெஞ்சு முழுக்க ஒரு மூச்சு. பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல. அன்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வல்லியைக் கூப்பிட்டு அவள் காதில் மாட்டி, "கேட்டியா, கேட்டியா," என்றார். "ஆமா, மூச்சு வாங்குறாரு, பாவம்," என்று சொல்லிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போனாள். அதன் பிறகு நாலு வருடமாக அவர் அந்த மூச்சுக்காகத்தான் அந்த ரெக்கார்டைப் போட்டார். செத்துப்போன ஒரு மனிதனின் மூச்சுக்கு.

அதனால்தான் பிப்ரவரியில். இல்லை, அதனால்தான் என்று எப்படிச் சொல்வது. நடந்தது இவ்வளவுதான். பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை, காலை பதினோரு மணி இருக்கும். இதே நாற்காலி. ஹெட்போன் காதில். ஆலாபனை பத்து நிமிஷத்தைத் தாண்டிவிட்டது, மூச்சு வரப்போகிறது, கண்ணை மூடலாம் என்று நினைக்கும்போது சமையலறை வாசலில் வல்லி வந்து நின்றாள். கையில் துணி. துடைத்துக்கொண்டிருந்தாள், ஈரமே இல்லாத கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அது இப்போது தெரிகிறது, அப்போது தெரியவில்லை. உதடு அசைந்தது. ரொம்ப நேரமில்லை. ஒரு வாக்கியம், அப்புறம் ஒரு நிறுத்தம், அப்புறம் இன்னொரு சின்ன வாக்கியம். கேஸ் சிலிண்டர் பதிவு பண்ணச் சொல்கிறாள், அல்லது தண்ணி லாரி, அல்லது யாரோ வந்திருக்கிறார்கள். அவர் தலையை ஆட்டினார். "ம்," என்றார். அந்த 'ம்' தன் மண்டைக்குள் கிணற்றில் கல் விழுந்தது போல விழுந்தது ஞாபகம் இருக்கிறது, காதை அடைத்துக்கொண்டு பேசினால் அப்படித்தான் கேட்கும். அவள் கொஞ்சம் நின்றாள். போய்விட்டாள். மூச்சு வந்தது. நன்றாகத்தான் வந்தது. பிறகு ரெக்கார்டு முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, "என்னமோ சொன்னியே," என்று கேட்டிருக்கலாம். கேட்டோமா? கேட்கவில்லை. கீரைக்கூட்டு. அவள் எதிரில் உட்காரவில்லை, அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டாள்.

மே மாதம் தேன்மொழி பிள்ளைகளோடு லீவுக்கு வந்தவள், அம்மா ஜாக்கெட் மாற்றும்போது பார்த்துவிட்டாள். அதற்குப் பிறகு எல்லாம் ஓட்டம். ஊசி போட்டுச் சதை எடுத்துப் பரிசோதித்தார்கள், பெயர் சொன்னார்கள், எத்தனையாவது கட்டம் என்று சொன்னார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் நீலப் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மகள் பக்கத்தில் உட்காரவில்லை, நடுவில் ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள்.

"அப்பா. அம்மா உங்ககிட்ட பிப்ரவரியிலயே சொன்னாங்களாமே."

"என்ன?"

"கட்டி மாதிரி இருக்குன்னு. நீங்க ம்னு சொன்னீங்களாம். அதுக்கப்புறம் ஒரு வார்த்தை கேக்கலையாம்."

அவர் வாயைத் திறந்தார். எனக்குக் கேட்கவில்லையம்மா, காதில் ஹெட்போன் இருந்தது, என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். ஆனால் அந்தச் சமயத்தில் அது எப்படி ஒலிக்கும் என்று அவருக்கே கேட்டது. பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். உன் அம்மா மார்பில் கட்டி என்று சொன்னபோது நான் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டார். "மூணு மாசம்ப்பா," என்றாள் மகள். "டாக்டர் சொல்றாரு, மூணு மாசம் முன்னாடி வந்திருந்தா கதையே வேறயாம்." அவ்வளவுதான் அவள் சொன்னது. திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதன் பிறகு வீட்டில் எல்லாப் பேச்சும் அவர் தலைக்கு மேலே நடந்தது. மாத்திரை எத்தனை மணிக்கு, எந்த ஆட்டோ, எந்த டாக்டர். வல்லி அவரிடம் பழையபடிதான் பேசினாள், காபி வேணுமா, சட்டை துவைக்கணுமா. அந்தப் புதன்கிழமையைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. அது வீட்டுக்குள் இடம் அடைத்துக்கொண்டு கிடந்தது. அவர் ஹெட்போனை எடுத்து அலமாரிக்கு மேலே போட்டார். நான்கு மாதம் தொடவில்லை. தொடாமலே தினமும் கேட்டார். அந்த இரண்டு வாக்கியத்தை. உதடு எப்படி அசைந்தது. முதலில் உதடு ஒட்டியது, 'ம' அல்லது 'ப'. மார்பு. பக்கம். அப்புறம் நாக்கு மேலே போனது. கட்டி. பயமா இருக்கு. சின்ன வாக்கியம் பயமா இருக்கு என்பதாகத்தான் இருக்கும். இல்லாவிட்டால் போகலாமா. டாக்டர்கிட்ட போகலாமா? ம். போகலாமா என்று கேட்டதற்கு ம் என்று சொன்னவன் செருப்பை மாட்டியிருக்க வேண்டாமா.

இன்று அலமாரியிலிருந்து அதை இறக்கியது ஒரு கணக்குத் தீர்க்கத்தான். வரைபடக்காரனின் புத்தி அது, அளந்து பார்க்காமல் விடாது. கேட்டிருக்க முடியுமா முடியாதா. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ளலாம், அதே இடம், அதே ரெக்கார்டு, அதே ஹெட்போன், எல்லாம் இருக்கிறது, வல்லி ஒருத்திதான் இல்லை. அவளுக்குப் பதில் அவளுடைய சின்ன ரேடியோவை எடுத்தார். சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு, அதன் மேல் அரிசி டின்னை வைத்து, அதன் மேல் ரேடியோவை வைத்தார். வல்லியின் வாய் உயரம் சரியாக வர வேண்டும் என்று டின்னுக்கு அடியில் இரண்டு பழைய டைரிகளைக் கொடுத்தார். ரேடியோவில் ஒரு பெண் தென்னையில் வெள்ளை ஈ வருவதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள். நல்ல குரல், வல்லியைவிடக் கொஞ்சம் கனம். எவ்வளவு சத்தம் வைப்பது? அங்கேயே முதல் சிக்கல். வல்லி எவ்வளவு சத்தமாகச் சொன்னாள்? கூப்பிடும்போது அவள் குரல் வேறு, 'என்னங்க' என்றால் தெருமுனை வரை கேட்கும். தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது வேறு. கட்டி என்பதை ஒருத்தி எந்தக் குரலில் சொல்வாள்? மெதுவாகத்தான் சொல்லியிருப்பாள். ஆனால் அவர் காதில் ஹெட்போன் இருப்பது அவளுக்குத் தெரியுமே, சத்தமாகச் சொல்லியிருப்பாளே. நடுவாக வைத்தார். பிப்ரவரியில் மின்விசிறி ஓடவில்லை என்பது ஞாபகம் வந்து அதை நிறுத்தினார். செப்டம்பர் புழுக்கம் உடனே வந்து முதுகில் உட்கார்ந்தது.

ரெக்கார்டில் ஊசியை வைத்தார். ஹெட்போனை மாட்டினார். காதுகளின் மேல் அந்த உறைகள் அமுங்கி மூடிக்கொண்டதும் வீடு போய்விட்டது. ரேடியோ முணுமுணுப்பாகச் சுருங்கியது, தெருவில் கீரைக்காரி போய்விட்டாள், ஊசிச் சத்தத்துக்கு அடியில் தன் ரத்தம் ஓடுவது கேட்டது, எச்சில் விழுங்கியது யாரோ கதவை இடித்த மாதிரி இருந்தது. இப்படித்தான் இருந்திருக்கிறேன் நாலு வருடம், பெட்டிக்குள் வைத்த பொருள் மாதிரி. குமிழைத் திருப்பினார். கரகரவென்று பழைய குமிழுக்கே உரிய மணல் ஓசை. ஒன்பது மணியில் நிறுத்தினார். நாகஸ்வரம் மண்டையை நிறைத்தது. வாசலைப் பார்த்தார். ஸ்டூல், டின், ரேடியோ. அதன் சின்னச் சிவப்பு விளக்கு எரிகிறது, அவள் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள். ஒன்றும் கேட்கவில்லை. ஒன்றுமே. அவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, பார்த்தாயா மொழி, பார்த்தாயா, சத்தியமாகக் கேட்காது, சாட்சி இருக்கிறது, இந்த ரேடியோ சாட்சி. ஒன்பது மணியில் ஒரு பெண் நாலு அடி தள்ளி நின்று தன் உயிர் போகிற விஷயத்தைச் சொன்னாலும் கேட்காது. ஆனால் ஒன்பதிலா வைத்திருந்தாய். அன்வர் பாய் எட்டு என்றாரே. மூச்சு எட்டிலேயே கேட்கும், ஒன்பதில் வைத்தால் நாகஸ்வரம் காதைத் துளைக்குமே, நீ எப்போது ஒன்பதில் வைத்தாய். கை தானாகப் போய்க் குமிழைக் குறைத்தது. எட்டு மணி. நாகஸ்வரம் தள்ளிப் போய் உட்கார்ந்தது. இப்போது அதன் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம் பேசுவது போல, என்னவோ. காதைத் தீட்டினார். வெள்ளை... இலையின் அடிப்பக்கம்... சில சொற்கள் தெளிவாகவே வந்தன. வந்தே விட்டன. உடனே ஒரு கோட்டளவு கூட்டினார். எட்டேகால். சொற்கள் போயின, குரல் மட்டும் மிஞ்சியது. எட்டரை. குரல் இருக்கிறது, என்ன சொல்கிறாள் என்று தெரியாது, ஆனால் ஒரு பெண் பேசுகிறாள் என்று தெரியும். எட்டே முக்கால். போய்விட்டது. மறுபடி எட்டரை. வந்தது. இந்த விரலகல இடத்தில்தான் இருக்கிறது எல்லாம். ஒரு விரல்கூட இல்லை, நகக்கண் அகலம். அந்தப் புதன்கிழமை வெள்ளைக் கோடு எங்கே நின்றது என்பதை யாரிடம் போய்க் கேட்பது. ஆபரேஷன் நாளில் பார்த்த நர்ஸின் மூக்குத்தி ஞாபகம் இருக்கிறது, எண்பத்தேழில் வாங்கிய முதல் குடையின் பிடி ஞாபகம் இருக்கிறது, இது இல்லை. குமிழை முன்னும் பின்னும் உருட்டினார். வேர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணில் எரிந்தது. எட்டரை, எட்டே முக்கால். கேட்டது, கேட்கவில்லை. குற்றவாளி, இல்லை. குற்றவாளி, இல்லை.

அப்போது ஆலாபனையில் அந்த மூச்சு வந்தது. அவர் எதிர்பார்க்கவில்லை, பன்னிரண்டு நிமிஷம் ஓடியதே தெரியவில்லை. நெஞ்சு நிறைய இழுத்த அந்தக் கிழவரின் மூச்சு, காதுக்குப் பக்கத்தில். அதோடு கூடவே, வேண்டாம் என்று அவர் நான்கு மாதமாக ஒதுக்கி வைத்திருந்த ஒன்று வந்தது. அந்த நாளில் இரண்டு கைகளும் எங்கே இருந்தன என்பது. வல்லி வாசலில் வந்து நின்றதும் அவருடைய வலது கை மேலே போனது. ஹெட்போனின் வலது உறையைத் தொட்டது. தொட்டது, விரல் அந்த உறைக்கும் கன்னத்துக்கும் இடையே நுழைந்துகூட விட்டது. இன்னும் கொஞ்சம் நெம்பினால் கழன்றிருக்கும். மூச்சு வரப்போகிறதே என்று கையை இறக்கிவிட்டார். அதுதான் நடந்தது. எட்டு மணி ஒன்பது மணி எல்லாம் எதற்கு. கேட்டதா கேட்கவில்லையா என்பது இல்லை கேள்வி. அவள் பேசுகிறாள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கண் நன்றாகத்தான் இருந்தது. முப்பத்தெட்டு வருடம் கூட இருந்தவளின் வாய் அசைகிறது, கழட்டிக் கேட்க ஒரு விநாடி ஆகும், கழட்டவில்லை. ஏனென்றால் சிலிண்டராகத்தான் இருக்கும். எப்போதும் சிலிண்டராகத்தான் இருந்திருக்கிறது. அவள் சொல்வதில் ஒரு செத்த மனிதனின் மூச்சைவிடப் பெரிதாக என்ன இருந்துவிடப் போகிறது என்று கைக்குத் தெரிந்திருந்தது. அவரைக் கேட்காமல் கையே முடிவு செய்துவிட்டது. அவர் தன் வலது கையைப் பார்த்தார். மணிக்கட்டில் ரோமம் நரைத்து, சுண்டுவிரலில் மைக்கறை ஏறிய பழைய தழும்போடு, அது குமிழின் மேல் சும்மா இருந்தது.

ஹெட்போனைக் கழட்டினார். வீடு ஒரே அடியாக உள்ளே விழுந்தது. ரேடியோப் பெண், கீழே ஸ்கூட்டர், எல்லாவற்றுக்கும் மேலே சாப்பாட்டு மேஜையில் ஃபோன் அதிர்ந்துகொண்டு, அடித்துக்கொண்டு, நகர்ந்து நகர்ந்து மேஜை விளிம்புக்கே வந்திருந்தது. எடுத்தார்.

"அப்பா! எங்க இருக்கீங்க? ஏழு தடவை அடிச்சுட்டேன்."

"நான்... இங்கதான்மா."

"எங்க? அதை மாட்டிட்டு உக்காந்திருந்தீங்களா?"

அந்தப் பக்கம் மகள் மூச்சை விட்டாள்.

"அம்மா முதல் மாடியில படியிலயே உக்காந்துட்டாங்க. ஏற முடியல. என்னால தனியாத் தூக்க முடியலப்பா. நான் மெடிக்கல்ல நிக்கிறேன், வலிக்கு மாத்திரை எழுதியிருக்காங்க, ரெண்டரைக்கு அடைச்சிடுவான். நீ போ, அப்பா வருவாருன்னு அம்மாதான் அனுப்பிச்சாங்க. போங்க சீக்கிரம்."

செருப்புப் போடாமல் இறங்கினார். கதவைச் சாத்தினாரா என்பது தெரியவில்லை. படிகளில் மதிய வெயில் ஜன்னல் கட்டம் கட்டமாக விழுந்திருந்தது. முதல் மாடித் திருப்பத்தில் வல்லி கைப்பிடிக் கம்பியில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். தலையில் கட்டியிருந்த பருத்தித் துணி நழுவி ஒரு காது தெரிந்தது. வெறும் மண்டையில் அந்தக் காது குழந்தையின் காது போல இருந்தது. அவர் வந்ததைப் பார்த்து அவள் நகர்ந்து இடம் விட்டாள். அவர் உட்கார்ந்தார். அவளிடமிருந்து ஆஸ்பத்திரி வாசனை வந்தது.

"ரொம்ப நேரமாச்சா?"

"இல்ல. பத்து நிமிஷம் இருக்கும்."

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"எலும்புக்கு வந்திருச்சாம். முதுகுல ரெண்டு இடத்துல. அதான் அந்த வலி." கீரையில் பூச்சி இருக்கிறது என்று சொல்கிற அதே குரலில் சொன்னாள். "இனிமே மருந்து வலிக்குத்தானாம். மொழி ஆட்டோவுல அழுதுக்கிட்டே வந்தா. நீங்க அவ முன்னாடி அழாதீங்க."

அவருக்கு அழுகை வரவில்லை. இதற்கு மேல் இன்னொரு நாள் கிடைக்காது, மகள் வந்துவிடுவாள், மேலே போனால் மாத்திரை, கஞ்சி, தலையணை என்று வேறு பேச்சாகிவிடும்.

"வல்லி. அன்னைக்கு நீ சொன்னது எனக்குக் கேக்கல. பிப்ரவரியில. காதுல அது இருந்துச்சு. சத்தியமா ஒரு வார்த்தை கேக்கல. ஆனா நீ பேசுறது தெரிஞ்சுது. கழட்டப் போனேன். கழட்டல."

"தெரியும்," என்றாள் அவள்.

"என்ன தெரியும்?"

"உங்களுக்குக் கேக்கலன்னு. அன்னைக்கே தெரியும்." கம்பியிலிருந்து தலையை எடுத்தாள். "அது காதுல இருக்கும்போது நான் இன்னைக்கு நேத்தா உங்ககிட்டப் பேசுறேன். நாலு வருஷமாப் பேசுறேன். உங்ககிட்டச் சண்டை போடணும்னா அப்பத்தான் போடுவேன். நேருல சொல்ல முடியாதது எல்லாத்தையும் அந்த வாசல்ல நின்னு சொல்லிடுவேன். நீங்க எல்லாத்துக்கும் தலையை ஆட்டி ம்னு சொல்லுவீங்க. மனசு லேசாயிடும். போய் சாதத்தை வடிச்சுடுவேன்."

வேதமூர்த்தி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கட்டியையும் அப்படித்தான் சொல்லிப் பாத்தேன். நெஜமாச் சொன்னா நெஜமாயிடுமேன்னு பயம். கேக்காத ஆளுகிட்டச் சொன்னா சொன்ன மாதிரியும் ஆச்சு, சொல்லாத மாதிரியும் ஆச்சு."

"அப்புறம் ஏன் மொழிகிட்ட...? நான் கேட்டும் கேக்காத மாதிரி இருந்தேன்னுதானே அவ நெனச்சுக்கிட்டிருக்கா."

"ஆமா. அப்படித்தான் சொன்னேன்." கீழ்வீட்டில் குக்கர் கத்தி ஓய்ந்தது. "கோவம். நீங்க கை வெச்சீங்க. அதுல கை வெச்சதைப் பாத்தேன். கழட்டப் போறாருன்னு எனக்குப் பகீர்னுச்சு. கழட்டணும்னும் இருந்துச்சு. அன்னைக்கு நீங்க கழட்டியிருந்தா நான் நெஜமாவே சொல்லியிருப்பேன். ஒரு நிமிஷம் நின்னேன். அப்புறம் நீங்க கண்ணை மூடிட்டீங்க."

மன்னிப்பு என்று ஒரு சொல் வாய் வரை வந்து, அந்தப் படிக்கட்டில் அதற்கு இடம் இல்லாதது போலத் திரும்பிப் போயிற்று. அவளும் அதைக் கேட்கக் காத்திருந்ததாகத் தெரியவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு மேலே பார்த்தாள்.

"எத்தனை படி இருக்கும்?"

"இருபது."

"தூக்காதீங்க. இடுப்புல கை குடுங்க போதும். முதுகுல வேணாம்."

அவர் இடது கையை அவள் இடுப்பில் சுற்றி, வலது கையால் அவள் உள்ளங்கையைப் பிடித்தார். எலும்பும் சூடும்தான் இருந்தது. ஒரு படி. நின்றார்கள். இன்னொரு படி. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், வலி போகும் வரை அவரும் நின்றார். நான்காவது படியில் அவர் கேட்டார்.

"நாலு வருஷமா வேற என்னல்லாம் சொன்ன?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு."

"சொல்லு."

"தாங்க மாட்டீங்க."

"சொல்லு வல்லி."

ஐந்தாவது படிக்கு ஏறினார்கள். கீழே தெருக் கதவு திறந்தது, தேன்மொழியாக இருக்கும், ஆனால் அவள் இன்னும் கீழே இருந்தாள். வல்லி ஜன்னல் வெயிலைப் பார்த்துக்கொண்டு, மூச்சு வாங்க, மெதுவாகச் சொன்னாள்.

"உங்க அம்மா போனப்ப எனக்கு அழுகை வரல. எல்லாரும் பாக்குறாங்களேன்னு முந்தானையை வாயில வெச்சுக்கிட்டேன். உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. பதினாறு வருஷம் கழிச்சு அன்னைக்குத்தான் நான் நல்லாத் தூங்கினேன்."

அவர் கையின் பிடி ஒரு கணம் தளர்ந்தது. அவள் சாய்ந்தாள். சட்டென்று மறுபடி இறுக்கிப் பிடித்தார்.

"சரி," என்றார். "அடுத்தது."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஆறாவது படிக்குக் காலைத் தூக்கினாள்.